இடது பக்க எண்கள்

கழிக்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் கையெழுத்து வாங்குவதற்காகக் கிடங்குக்காரர் ஒரு தட்டில் ஏழு சரிவுமானிகளை அடுக்கிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தபோது மணி பதினொன்று. ஏழும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன அலுமினியக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஊசித் துளை அளவுக்கு ஒரு கண், அதற்குள்ளே எண்கள் அச்சிட்ட சக்கரம் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். சரிவில் நின்று மேலே இருக்கும் ஒரு குறியைப் பார்த்தால் சக்கரம் ஆடி ஆடி நின்று, ஏற்றம் எவ்வளவு என்று காட்டும். வன அலுவலகத்தின் அந்த மாடியில் இதைக் கையில் பிடித்து வேலை செய்த ஆள் இப்போது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் காட்டைக் கணினித் திரையில் பார்த்தவர்கள். அதனால் எது தேறும், எது தேறாது என்று அவள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"சீக்கிரம் பார்த்துக் குடுங்கம்மா. இதுங்களையும் என்னையும் ஒரே மாசத்துல கழிக்கப் போறாங்க," என்றார் கிடங்குக்காரர். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. "எனக்குத் தேறும்னு யாரு எழுதிக் குடுப்பாங்கன்னுதான் தெரியல."

"உங்களையும் இந்தத் தட்டுல வைங்கண்ணே, நானே எழுதித் தர்றேன்," என்று சிரித்துக்கொண்டே முதல் கருவியை எடுத்தாள்.

ஜன்னலுக்கு நேரே, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடியைக் குறியாக வைத்துக்கொண்டாள். முதல் கருவியில் இடது பக்கம் முப்பத்து நாலு. இரண்டாவதிலும் அதே முப்பத்து நாலு. மூன்றாவதில் சக்கரம் சிக்கிக்கொண்டு அசையவே இல்லை, தேறாது. நான்காவது, சிவப்பு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிய கருவி. அதில் இடது பக்கம் பத்தொன்பது. அதுவும் தேறாது என்று எழுதப் பேனாவை எடுத்தவள், ஏனோ இன்னொரு தரம் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதுதான். ஆனால் அதே வரிசையில் வலது பக்கம் முப்பத்து நாலு இருந்தது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை. இடமும் வலமும் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

சரிவைச் சொல்ல இரண்டு வழி உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாகைமானியை வைத்து அளப்பதுபோலக் கோணமாகச் சொல்லலாம். நூறு அடி முன்னே போனால் எத்தனை அடி மேலே ஏறியிருப்போம் என்று நூற்றுக்கணக்கிலும் சொல்லலாம். கருவிக்குள் இரண்டுமே இருக்கும், ஆளுக்கொரு பக்கம். காட்டு வேலையில் நூற்றுக்கணக்கு மட்டுமே செல்லும். ஒன்பது வருடம் அவள் கையில் இருந்த கருவியில் நூற்றுக்கணக்கு இடது பக்கம். இடது பக்கம் பார், எண்ணைச் சொல், நோட்டில் எழுது, நட. தூக்கத்தில் எழுப்பி மலையில் நிறுத்தினாலும் அவள் கண் இடது பக்கம்தான் போகும். கோணமும் நூற்றுக்கணக்கும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்று நினைத்தால் தப்பு. முப்பது பாகைச் சரிவு என்பது நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"அண்ணே, இந்தச் சிவப்பு நாடா போட்டதை நான் எப்பவாவது வாங்கிட்டுப் போயிருக்கேனா?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இல்லை என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் கேட்டாள்.

"வாங்காம என்ன? ஆறு வருஷம் இருக்கும். உங்களோடது ஓடையில விழுந்து உடைஞ்சு போச்சுன்னு வந்து நின்னீங்க. ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டீங்க. இங்க எவனும்மா எடுத்த சாமானைச் சொன்ன தேதியில திருப்பித் தர்றான்? அதனாலதான் ஞாபகம் வெச்சிருக்கேன்." அவர் குனிந்து கருவியைப் பார்த்தார். "கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"அப்போ தேறும்னு போட்டுடுங்க."

மீதி மூன்றையும் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு நாடாக் கருவியை மட்டும் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். கிடங்குக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு, அடுத்த அறையிலும் ஓய்வு பற்றிய அதே ஜோக்கைச் சொல்லப் போனார்.

பதிவறை கீழ்த்தளத்தில் இருந்தது. படியில் இறங்கும்போது ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். ரெண்டு நாளில் அப்படி என்ன அளந்திருக்க முடியும்? ஏதாவது சமவெளியாக இருக்கும். புதிதாகக் கன்று நட்ட பகுதியாக இருக்கும். சமவெளியில் இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன. கம்பி அலமாரியில் தன் பழைய களப்புத்தகங்களைத் தேடி எடுத்து, நின்றபடியே புரட்டினாள். மண்ணும் மரப்பிசினும் ஒட்டிய பக்கங்கள். அந்தத் தேதி வந்தது. பதினான்காம் பகுதி, இருபத்து நாலு புள்ளிகள், எல்லாம் அவள் கையெழுத்து. இருபத்தேழு. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. முப்பது.

ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் இருந்தது: முழங்கால் வலி, மாத்திரை வாங்க வேண்டும்.

அந்த இரண்டு நாளும் நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவிலான சரிவு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் இருபது அடிக்கு ஒருமுறை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். எண்ணைச் சந்தேகப்படவில்லை, காலைத்தான் சந்தேகப்பட்டாள். வயதாகிவிட்டது, இனி காட்டு வேலை ஆகாது என்று அடுத்த மாதமே மனு எழுதிக் கொடுத்து, மேசை வேலைக்கு, நெறிமுறைப் பிரிவுக்கு மாறி வந்தாள். வந்த பிறகு முழங்கால் ஒருநாள்கூட வலிக்கவில்லை. ஓய்வு குடுத்தா தானா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எழுதியிருந்ததெல்லாம் பாகை; அதை நூற்றுக்கணக்காக மாற்றிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. அறுபது. ஐம்பத்து மூன்று. அறுபத்தைந்து. அறுபத்தேழு. ஐம்பத்தெட்டு. நூற்றுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் சரிவு இருந்தால் அந்தப் பகுதியில் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது, வேர்கள்தான் அங்கே மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது விதி. அந்த விதி எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுகூட அவளால் சொல்ல முடியும், ஏனென்றால் எழுதியவளே அவள்தான். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், பச்சை அட்டை, நீடித்த வன மேலாண்மைக்கான நெறிமுறைகள். அந்த அட்டைக்கு எந்தப் பச்சை என்று குழு முக்கால் மணி நேரம் விவாதித்தது. காட்டைப் பத்து வருடத்தில் எந்த வரிசையில் வெட்டுவது, எதைத் தொடவே கூடாது என்ற திட்டம் முழுக்க அந்தப் புத்தகத்தையும் இந்தக் களப்புத்தகங்களையும் வைத்துப் போட்டது. பதினான்காம் பகுதியின் முறை இந்த வருடம். வெட்டு ஆரம்பித்து இருபது நாளாகிறது. வெட்டும் கூட்டத்தின் மேஸ்திரி அவளுடைய தம்பி.

அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் வெட்கப்பட ஒன்று இருந்தது: முதலில் நினைவுக்கு வந்தது தம்பி இல்லை. அளவுக்குத் தவறாதவள் என்று ஒன்பது வருடத்தில் சேர்த்த தன் பேர்தான் முதலில் வந்தது. தம்பி இரண்டாவதாகத்தான் வந்தான். அதை நினைத்ததும் புத்தகத்தை மூடிப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து எடுத்துக்கொண்டாள். பதிவறையிலிருந்து எதையும் ரசீது போடாமல் எடுக்கக் கூடாது என்பதும் அவள் எழுதிய விதிதான்.

மாடி வராண்டாவின் கோடியில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். மணி ஒன்று. சாப்பாட்டு நேரம், கொட்டகையில்தான் இருப்பான். அங்கே கொட்டகையின் ஒரு தூணில் அடித்த ஆணியில் மாட்டினால்தான் போனுக்கு அலைவரிசை கிடைக்கும். கையில் எடுத்தால் அறுந்துவிடும். ஆகவே மாட்டியபடியே ஒலிபெருக்கியில் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேச வேண்டும். அந்தத் தூணுக்கு அவன் ஆட்கள் 'தலைமைச் செயலகம்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"என்னக்கா, இந்த நேரத்துல? வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. சும்மாதான் கூப்பிட்டேன்." "வேலை எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"மேல் பாதி மொட்டை. இன்னும் பத்து நாள்ல கீழ் பாதியும் முடிஞ்சிடும். ஏன், உன் புஸ்தகத்துல அதுக்கும் ஏதாவது விதி எழுதப் போறியா?" பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"சரிவு எப்படிடா இருக்கு?"

"என்னைக் கேக்கறே? நீதானே அளந்தே." அவனும் சிரித்தான். "உண்மையைச் சொல்லணும்னா ஆடுகூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் ஏறும். வந்த முதல் நாளே பசங்க, என்ன மேஸ்திரி, இது சுவரு மாதிரி நிக்குது, இங்க வெட்டலாமான்னு கேட்டாங்க. நான் அளவுத் தாளை எடுத்துக் காட்டினேன். டேய், இது எங்க அக்கா அளந்தது, அவ ஒரு அங்குலம் தப்பா எழுத மாட்டான்னு சொன்னேன். அப்புறம் ஒருத்தன் வாயத் திறக்கல."

அவள் வராண்டாவின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காவலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டே, வெளியில் கிடந்த நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார்.

"அங்க மழை உண்டா?"

"கிழக்கால இருட்டிட்டு வருது. வரட்டும், ரெண்டு நாள் லீவு. ஓடைத் தண்ணிதான் நேத்துலேருந்து டீ மாதிரி வருது, குளிக்க முடியல. ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். மேல வெட்டின எடத்துக்கும் மேல, மண்ணு ஒரு நீளத்துக்கு வாயப் பொளந்திருக்கு. ஒரு விரல் போகும். காஞ்சதுனாலதானே?"

"எவ்வளவு நீளம்?"

"நாப்பது அடி, அம்பது அடி இருக்கும். ஏன்க்கா?"

ஒரு விரல். சரிவுக்குக் குறுக்கே, ஐம்பது அடி. அதற்குக் கீழே பாதி மலை மொட்டையாக நிற்கிறது, அதற்கும் கீழே ஓடைக்கரையில் பதினொரு பேர் படுத்து எழுந்திருக்கும் தகரக் கொட்டகை. சரிவு நாற்பத்தைந்துக்குள் இருந்தால் அடிவாரத்தில் கொட்டகை போடலாம், தண்ணீர் பக்கத்தில் இருப்பது நல்லது என்று எழுதியவளும் அவள்தான்.

"தம்பி, நீ இன்னைக்கே எல்லாரையும் கூட்டிட்டு எறங்கி வந்துடு."

"எதுக்கு?"

சொல்லியிருக்கலாம். ஆணியில் தொங்கிய அந்தப் போனுக்கு அந்தப் பக்கம் பதினொரு தட்டுகள், பதினொரு ஜோடிக் காதுகள். எங்க அக்கா அளந்தது என்று அவன் சொல்லி இன்னும் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"மழை பெருசா வரும்னு சொல்றாங்க."

"அக்கா, மழைன்னு சொல்லி நான் பாட்டுக்கு எறங்கினா ஒப்பந்தக்காரர் வேற மேஸ்திரியை அனுப்பிடுவாரு. வேலையை நிறுத்தணும்னா ஆபீஸ்லேருந்து எழுத்துல வரணும், முத்திரையோட. வாய் வார்த்தை செல்லாதுன்னு நீதானே எழுதி வெச்சிருக்கே? எழுத்துல அனுப்பு, அடுத்த நிமிஷம் லாரியில ஏத்திடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?"

"அனுப்பறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிரிவுத் தலைவர் சாப்பிட்டு முடித்து, கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் அன்றைய அறையைத் திறந்துகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்டியதில்லை; அதட்டினால் அவருக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும். அவள் கருவியையும் களப்புத்தகத்தையும் மேசையில் வைத்து, ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள். அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"திங்கட்கிழமை சான்றிதழ்க் குழு வருது, தெரியுமில்ல? நம்ம காடு ஒழுங்கா நடக்குதுன்னு அவங்க தாள் குடுத்தாத்தான் நம்ம மரத்தை வெளியில ஒருத்தன் வாங்குவான். அது இல்லேன்னா மில்லு மூடிக்கும். எத்தனை குடும்பம்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல." மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். "ஒண்ணு செய்யலாம். வழக்கமான மறு அளவைன்னு போட்டுடலாம். பன்னிரண்டு நாள்ல ரெண்டு பேரு போய்ப் பார்த்துட்டு, சரிவு கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு எழுதட்டும். வேலையும் நின்னுடும், ஒருத்தருக்கும் கெட்ட பேர் இல்ல."

"மழை வருது சார்."

"மழை எல்லா வருஷமும்தான் வருது."

"எல்லா வருஷமும் மரம் இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி இருந்த மொட்டை மாடியில் ஒருத்தி அவசர அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தணும்னா படிவம் ஏழு. அதுல காரணம் எழுதணும், அளந்தவர் யாருன்னு எழுதணும். நீங்கன்னு எழுதினா, நீங்க அளந்த நாப்பத்தோரு பகுதியும் சந்தேகத்துல நிக்கும். ஒன்பது வருஷம் நடந்ததெல்லாம் குப்பைக் கூடைக்குப் போகும். விசாரணை வரும். அலட்சியம்னு எழுதுவாங்க. உங்களைக் காப்பாத்த என்கிட்ட ஒரு வரிகூடக் கிடையாது." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான். மறக்கல."

அவளும் மறக்கவில்லை. நெறிமுறைகளின் முதல் வரைவில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: தன் பிழையைத் தானே கண்டு தெரிவிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது. எங்கோ எதையோ படித்துவிட்டு, நன்றாயிருக்கிறதே என்று சேர்த்தாள். குழுவில் இது வந்தபோது, தப்பு பண்றவனுக்கு நாமே பாய் விரிச்சுப் படுக்கப் போடணுமா என்று அவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு அடிமட்டத்தை வைத்து, கோணாமல், அழகாக அந்த வரியை அடித்தாள். அப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்த தப்பு பண்றவன் யாரோ ஒரு சோம்பேறி, வீட்டில் உட்கார்ந்துகொண்டு எண்களை இட்டுக்கட்டுகிறவன். சொன்ன தேதியில் கருவியைத் திருப்பிக் கொடுக்கிற ஒருத்தி அவள் நினைப்பிலேயே இல்லை.

"நானும் சரின்னுதான் சொன்னேன் சார்," என்றாள்.

தன் இடத்துக்கு வந்து படிவம் ஏழை எடுத்தாள். தட்டச்சர் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "படிவம் ஏழா? இது வரைக்கும் யாருமே கேட்டதில்லையேக்கா," என்றாள். காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். ஆட்கள் கதை எழுதுவார்கள் என்று அவள்தான் அதைச் சின்னதாக்கச் சொன்னாள். இப்போது அந்த இரண்டு விரலுக்குள் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவி மாறியதால் என்று எழுதலாம். அது பொய்யும் இல்லை. படித்தால் கருவியின் மேல் பழி விழும், கருவிக்கு விசாரணை கிடையாது. அப்படி எழுதிக்கூடப் பார்த்தாள், ஒரு துண்டுத் தாளில். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

வெளியே முதல் இடி கேட்டது. தூரத்தில், மலைப் பக்கம்.

அன்று காலை வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பியின் சின்ன மகள் வந்து, அப்பா எப்ப வருவாரு அத்தை என்று கேட்டாள். வெட்டு முடிஞ்சதும் வந்துடுவாருடி என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்திருந்தாள். துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டாள். படிவத்தில் எழுதினாள்: சரிவு நூற்றுக்கு 51 முதல் 67 வரை. நான் 27 முதல் 34 என்று தவறாகப் பதிந்தேன். சரிவின் மேல் மண்ணில் வெடிப்பு. ஆட்கள் உடனே இறங்க வேண்டும். அளந்தவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பிரிவுத் தலைவர் படிவத்தை ஒரு தரம் படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முத்திரையை அவர் கையால்தான் போட வேண்டும். ஆனால் அதைச் சொல்லி அவரைத் திரும்ப வைக்க அவளுக்கு நேரமில்லை. அவளே குத்தினாள். படமாக அனுப்பினாலும் உத்தரவு செல்லும் என்று ஒரு வரி உண்டு. குழுவில் அவள் சண்டை போட்டுக் காப்பாற்றிய ஒரே வரி. படமெடுத்து அனுப்பினாள். மணி மூன்றே கால். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வர நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் அவள் உட்காரவில்லை.

அவனே கூப்பிட்டான். அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தின் மேல் மழை.

"வந்துச்சுக்கா. படிச்சேன்."

அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அளந்தவர்னு போட்டிருக்கறது உன் பேருதானே?"

"ஆமாடா."

"வேற யாரும் எழுதச் சொல்லலையே? நீயாத்தானே எழுதினே?"

"நானாத்தான் எழுதினேன். தம்பி, நான் அப்போ..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஆணியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்க் கத்துவது கேட்டது. "டேய், எல்லாரும் லாரிக்கு! தட்டு, துணி எதையும் எடுக்காதே, விடு, அப்படியே விடு! ஏறு, ஏறு! எங்க அக்கா எழுதி அனுப்பிட்டா, ஆர்டரு வந்துடுச்சு, ஏறு!"

லாரியின் எஞ்சின் உறுமியது. தகரம் அதிர்ந்தது. அவன் எண்ண ஆரம்பித்தான். அவள் வராண்டாவில் நின்று, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவனோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. யாரோ வழுக்கி விழுந்து எழுந்தார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். நாலு, அஞ்சு, ஆறு. ஏழு. எட்டு. அப்புறம், நான் ஒம்பது.

எண்ணுவது நின்றுவிட்டது.

"தம்பி?"

"ரெண்டு பேரு கொறையறாங்கக்கா." இப்போது ஆணிக்குப் பக்கத்தில் வந்து பேசினான், மூச்சு வாங்கியது. "மழைக்கு முன்னாடி, மேல மரம் இழுக்கக் கட்டியிருக்கற இரும்புக் கயிறை அவுத்துட்டு வாங்கடான்னு நான்தான் அனுப்பினேன். ஒரு மணி நேரம் முந்தி."

"எங்க மேல?"

"அந்த வெடிப்புக்குப் பக்கத்துலதான். மழையில கூப்பிட்டா காது கேக்காது. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"நீ போகாதே. டேய், நீ போகாதே, வேற யாரையாவது..."

"வேற யாரை அனுப்பறது?" அவன் சாதாரணமாகக் கேட்டான், அவளிடமே பதில் இருப்பதுபோல. "லாரியை முன்னால அனுப்பிட்டேன், இவனுங்க போயிடுவாங்க. போனை இங்கயே மாட்டிட்டுப் போறேன், எடுத்தா அறுந்துடும். நீ வெக்காதே. பத்து நிமிஷம்."

லாரி சத்தம் சரிந்து சரிந்து தூரமாகி ஓய்ந்தது. அதற்குப் பிறகு தகரத்தின் மேல் மழை மட்டும். தூணில் ஆணி, ஆணியில் போன், காலியான கொட்டகையில் பதினொரு தட்டுகள். அவள் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். எப்போது எடுத்தாளோ தெரியவில்லை, இன்னொரு கையில் சிவப்பு நாடாக் கருவி இருந்தது. மலை இருக்கும் திசையில் அதைக் கண்ணில் வைத்தாள். மழையில் மலையும் தெரியவில்லை, தெருவுக்கு அந்தப் பக்கத் தொட்டியும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் எண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன, நிற்கவில்லை. அவள் கை நின்றால்தானே சக்கரம் நிற்கும்.

பதினோராவது நிமிடம் போனில் ஏதோ நீளமாக உருண்டு வருகிற சத்தம் கேட்டது. இடி என்று முதலில் நினைத்தாள். ஆனால் இடியாக இருந்தால் இங்கேயும் கேட்டிருக்கும். "தம்பி," என்று கூப்பிட்டாள், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் சத்தமாக. தட்டச்சர் பெண் எழுந்து வாசலுக்கு வந்தாள். பிரிவுத் தலைவரின் கதவும் திறந்தது. போன் அறுந்துபோகவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, தகரத்தின் மேல் மழை பெய்யும் சத்தமும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைத் தாண்டி ஒரு காலடி கேட்கிறதா என்று, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.